தாமதம் என்று அரைப் பக்கம்

மகனுக்கு ஆறு வயதில் போட்ட தாபரிப்பு (பராமரிப்புச் செலவு) வழக்கு, அவனுக்குப் பத்து வயதாகியும் ஜேர்மனியில் ஒரு குடும்ப நீதிமன்றத்தில் கிடந்தது. தகப்பன் அங்கே, நாங்கள் திருகோணமலை உப்புவெளியில். இலங்கையும் ஜேர்மனியும், வெளிநாட்டில் தாபரிப்பை அறவிடுவதற்கான 1956ஆம் ஆண்டு நியூயோர்க் உடன்படிக்கையில் இருப்பதால், விண்ணப்பம் கொழும்பு வழியாக ஜேர்மனியின் பொன் (Bonn) நகரிலுள்ள சமஷ்டி நீதி அலுவலகத்துக்குப் போனது. அதுவரை சரி.

அப்புறம் கடிதங்கள்தான். ஒரே பிறப்புச் சான்றிதழோடு மூன்று தரம் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போனேன். மூன்றாம் தரம் அவர் காசு வாங்கவில்லை. "பிள்ளை பிறந்த திகதி மாறவா போகுது?" என்று முத்திரையைக் குத்தித் தந்தார்.

ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றா மச்சாள். 2004இல் போலந்துத் தாய் ஒருவர், தாபரிப்பை அறவிடாமல் இழுத்தடித்த இத்தாலிக்கு எதிராக அங்கே வென்றிருக்கிறார். நியாயமான காலத்துக்குள் தீர்ப்பு என்ற, ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 6ஆம் உறுப்புரை, வெளிநாட்டில் இருக்கும் எனக்கும் பொருந்துமாம்.

மச்சாள் பிடித்துத் தந்த சட்டத்தரணி வட்ஸ்அப்பில் முதல் கேட்டது: "அக்கா, வழக்கு இழுபடுது என்று அந்த நீதிமன்றத்துக்கு எப்பவாவது எழுதினீங்களா?"

இல்லை. குறை சொன்னால் நீதிபதி கோபித்துக்கொள்வாரோ என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பிழை அங்கேதான்.

ஜேர்மனியில் 2011 டிசம்பரிலிருந்து இதற்கென்றே சட்டம் இருக்கிறது. வழக்கு நடக்கும்போதே அதே நீதிமன்றத்தில் தாமத முறைப்பாடு கொடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துத்தான் மேல்நிலை நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம். வழமையாக ஒரு வருடத் தாமதத்துக்கு 1,200 யூரோ. மூல வழக்கு முடிந்துவிட்டால் ஆறு மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும். இந்தப் படிகளை விட்டுவிட்டு ஸ்ட்ராஸ்பேர்க் போனால், உள்நாட்டுப் பரிகாரம் தேடவில்லை என்று அதே உடன்படிக்கையின் 35ஆம் உறுப்புரையைக் காட்டித் திருப்பிவிடுவார்கள். ஏறி முடித்தாலும், ஸ்ட்ராஸ்பேர்க்குக்குப் போக உள்நாட்டின் கடைசி முடிவிலிருந்து நான்கு மாதம்தான். 2022 பெப்ரவரிக்கு முன் அது ஆறு மாதமாக இருந்தது.

நான் கொடுத்த முறைப்பாடு அரைப் பக்கம். "வழக்கு நியாயமான காலத்தில் முடியாது என்று அஞ்சுகிறேன்" என்பதுதான் அதன் சாரம். ஐந்தாம் கிழமை விசாரணைத் திகதி வந்தது. நாலு வருசம் அசையாத கட்டு! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தீர்ப்பும் வந்துவிட்டது, காசும் மாதாமாதம் வருகிறது. ஆனால் அந்த நாலு வருசத்தை விடப்போவதில்லை. இழப்பீட்டு வழக்குக்கு அங்கே சட்டத்தரணி கட்டாயம் என்பதால் செலவு உதவி கேட்டிருக்கிறோம். வருமானச் சான்று வேண்டுமாம், மொழிபெயர்ப்போடு. நாளைக் காலை மறுபடியும் அவரிடம்தான்.