டம்மி லாஞ்சருக்காக நாலு தடவை மலை இறங்கியவன்

அருவங்காடு பக்கம் எங்களுக்குச் சின்ன ஃபைபர் பட்டறை. தண்ணீர்த் தொட்டி, கூரை ஷீட், ரிசார்ட்காரர்களுக்கு பெஞ்சு என்று ஓடிக்கொண்டிருந்தது. போன வருஷம் ஒரு டெண்டர் கண்ணில் பட்டது: தோளில் வைத்துச் சுடும் 84 மி.மீ. ராக்கெட் லாஞ்சரின் பயிற்சி டம்மி. சுடாது, வெடிக்காது. வீரர்கள் தூக்கிப் பழக ஒரு குழாய், அவ்வளவுதான்.

உத்யம் (சிறுதொழில் பதிவு), ஜிஎஸ்டி, அரசு கொள்முதலுக்கான ஜெம் போர்ட்டல் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது. குறுந்தொழில் என்பதால் முன்வைப்புத் தொகையும் கிடையாது. இவ்வளவு சுலபமா என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். அங்கேதான் கண் பட்டிருக்க வேண்டும்.

முதல் தலைவலி எடை. டம்மி 10 கிலோ இருக்க வேண்டும் என்றது டிராயிங். அசல் லாஞ்சரான கார்ல் குஸ்டாஃபின் கதை தெரிந்தவர்களுக்கு இது புரியும். அதன் பழைய மாடல் எம்2 எஃகுக் குழாய், 14 கிலோ. 1991-இல் வந்த எம்3-இல் உள்ளே மெல்லிய எஃகு, வெளியே கார்பன் ஃபைபர் சுற்று. எடை 10 கிலோவுக்கு இறங்கியது. 2014-இல் எம்4 வந்தபோது உள்குழாயே டைட்டானியமாகி 7 கிலோவுக்குள் வந்துவிட்டது. அவர்கள் இரும்பைக் கழற்ற இத்தனை வருஷம் பாடுபட்டார்கள். நானோ, 4 கிலோகூட வராத கண்ணாடி ஃபைபர் குழாய்க்குள் இரும்புப் பட்டையைத் திணித்துக்கொண்டிருந்தேன்! அதையும் தோள்பட்டை வரும் இடத்தில் சமன் பார்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்பக்கம் தலைகுப்புறச் சாயும்.

அடுத்தது நம்ம ஊர் மூடுபனி. ஆடி மாதத்தில் வார்த்த முதல் குழாய் மறுநாள் காலையிலும் பிசுபிசுவென்று இருந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகத் திட்டு. இங்குள்ள வெடிமருந்துத் தொழிற்சாலையான கார்டைட் ஃபாக்டரியில் வேலை பார்த்து ரிடையர் ஆன பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "கண்ணாடி மேட் ஈரம் குடிச்சிருக்குடா, ரெசினைத் திட்டாதே" என்றார். மேட் என்பது கண்ணாடி இழைப் பாய்; ரெசின் அதன்மேல் ஊற்றி இறுக வைக்கும் பிசின். அதன்பிறகு முந்தின நாளே அந்த மேட்டை ஹீட்டர் போட்ட அறையில் வைத்துவிடுவோம். மலையில் ஃபைபர் வேலை செய்கிறவர்கள் இதை மட்டுமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர் லேபில் துண்டுகளை 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருந்து பிறகு சோதித்தார்கள். ஒரு துண்டை 565 டிகிரியில் எரித்து, ரெசின் போக மிஞ்சிய கண்ணாடியை எடை போட்டார்கள். எல்லாம் பாஸ்.

சர்டிபிகேட்டோடு வாங்கும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் நிமிராமலே, "ரெசின் பேட்ச் நம்பர் எங்க?" என்றார். லேப்காரர்கள் என் கடிதத்தில் இருந்ததைத்தான் போட்டிருந்தார்கள்; கடிதத்தில் நான் எழுதவில்லை. டிரம்மில் இருந்த லேபிள் ஈரத்தில் உரிந்து எப்போதோ போயிருந்தது. கடைக்காரர் பில்லிலும் நம்பர் இல்லை. புது டிரம், புது வார்ப்பு, புது டெஸ்ட் கட்டணம். இப்போதெல்லாம் டிரம் வண்டியிலிருந்து இறங்கும்போதே லேபிளை போட்டோ எடுத்துவிடுகிறேன்.

இரண்டாவது தடவை, உத்யத்திலும் ஜிஎஸ்டியிலும் ஊர்ப் பெயரின் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில் ஒரு எழுத்து வித்தியாசம். ஜெம் போர்ட்டலுக்கு உறுத்தாதது அந்த கிளார்க்குக்கு உறுத்தியது. மூன்றாவது தடவை பர்லியாறு பக்கம் மரம் விழுந்து மூன்று மணி நேரம் நின்று, போய்ச் சேர்ந்தால், "ஐயா கேம்ப் போயிருக்காரு." போன் பண்ணிக் கேட்டுவிட்டு இறங்காதது என் தப்பு.

நான்காவது தடவை ஐயாவே இருந்தார். ஃபைலைப் புரட்டி, "ஃபைபர் ஐட்டம்னு போட்டிருக்கு, இரும்பு எதுக்குத் தம்பி?" என்றார். எம்2-இலிருந்து எம்4 வரைக்கும் சொல்லி முடித்தேன். பேசாமல் எழுந்து டம்மியைத் தோளில் வைத்துப் பார்த்தார். சாயவில்லை. தராசில் வைக்கச் சொன்னார்: 10.04.

"இந்த இரும்புப் பட்டைக்கு டெஸ்ட் சர்டிபிகேட் வச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தேன். பேட்ச் நம்பரோடு.