அப்பாட குளுசைக் கணக்கு

மார்ச் 3
காலமை அப்பாவ தராசில ஏத்தினா 61 கிலோ காட்டுது, கலியாண வீட்டுக்குப் போக முன்னம் 58 தான். கால அமத்திப் பார்த்தன், விரல் பட்ட இடம் குழி விழுந்து அப்பிடியே நிக்கிது. ராவும் மூணு தலகணி வச்சு இருந்தபடியேதான் நித்திர. துருவித் துருவிக் கேட்டாப்புறகுதான் செல்றாரு, கலியாணத்துக்கு திருக்கோவில் ஊரில நிண்ட மூணு நாளும், உடம்பில தேங்குற தண்ணிய ஒண்டா வெளியேத்துற புரூசமைட் எண்ட தண்ணிக் குளுசையப் போடல்லியாம், பஸ்ஸில ஒண்டுக்கு வந்தா என்ன செய்யிற, சனத்துக்குள்ள எத்தின தரம் எழும்பிப் போற எண்டு. அங்க கருவாட்டுக் கறியும் வேற. பாவம், எனக்கு ஏச மனமே வரல்ல. ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு.

மார்ச் 6
ஊசியா ஏத்தி தண்ணி இறங்கிட்டு, 58.4. இதயம் பலமா அடிக்காட்டி கிட்னி உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வச்சிருமாம், அதான் இந்த வீக்கமும் இளைப்பும். டொக்டர் செல்லித் தந்த, பயணம் எண்டா போய்ச் சேர்ந்தாப்புறகு பகல் போடுங்க, விடத்தான் கூடாது. ரெண்டு மூணு நாளைக்குள்ள ரெண்டு கிலோ ஏறினா உடன வரட்டாம். இத முதலே ஆராவது செல்லியிருந்தா!

மார்ச் 11
கிளினிக். ரத்தம் எவ்வளவு கெதியா உறையுது எண்டு பார்க்கிற ஐஎன்ஆர் சோதனை 1.6, 2க்கும் 3க்கும் இடையில நிக்கணும். அப்பாக்கு இதயத்திர மேலறை ஒழுங்கா அடிக்காம நடுங்குறதால ரத்தம் தேங்கி கட்டியாகி மூளைக்குப் போனா பாரிசவாதம், அதுக்குத்தான் ரத்தம் கட்டியாகாமப் பார்க்கிற வோபரின் குளுசை. மாமி உடம்பு தேறட்டும் எண்டு ஒவ்வொரு நாளும் பொன்னாங்காணி சுண்டிக் குடுத்திருக்கா, கீரையில உள்ள விற்றமின் கே அந்த மருந்த அமத்திப் போடும். கீரைய நிப்பாட்ட வேணாம், கிழமைக்குக் கிழம ஒரே அளவா சாப்பிடட்டாம். மாமிக்கு முகம் வாடிட்டு, நல்லதுதானே செய்தவ.

மார்ச் 15
அப்பா போடுற மற்ற இதயக் குளுசை டிகொக்சினப் பத்தி ராவிராவா வாசிச்சன். 1785ல வில்லியம் விதரிங் எண்ட இங்கிலாந்து டொக்டர் ஒரு பூச்செடிர இலையால கால் வீக்கம் வத்தினத எழுதி வச்சாரு, அந்தச் செடிக் குடும்பத்து மருந்துதான் இது. சுகப்படுத்துற அளவுக்கும் நஞ்சாகுற அளவுக்கும் இடவெளி கொஞ்சம்தான். புரூசமைட் பொட்டாசியத்த வெளிய தள்ளிட்டா இன்னும் மோசம், வயித்தக் குமட்டும், பார்க்கிறதெல்லாம் மஞ்சளாத் தெரியும். ஸ்பைரனொலக்டோன் எண்ட மற்றத் தண்ணிக் குளுசை எண்டா பொட்டாசியத்த ஏத்தும், இளநியிலயும் பொட்டாசியம் இருக்கிறதால அதுவும் கணக்காத்தான். எனக்குப் பயமா வந்திட்டு, கொப்பியில எல்லாத்தையும் பெரிசா எழுதிட்டன்.

மார்ச் 22
57.9. நான் எழும்ப முன்னமே அவரே ஏறிப் பார்த்து எழுதியிருக்காரு. வெள்ளிக்கிழம மண்டூர்க் கோயிலுக்குப் போகணுமாம், பஸ் எத்தின மணிக்கு எண்டு கேட்டுட்டு செல்றாரு, "அப்ப தண்ணிக் குளுசைய அங்க போய் ரெண்டு மணிக்குப் போடுறன் மகள்."