பொன்னுலகத்தில் ஓர் அண்ணன் தம்பிச் சண்டை

கோசல நாட்டைப் புகழும் கம்பர், அங்கே வறுமை இல்லாததால் வள்ளன்மை இல்லை, பொய் இல்லாததால் உண்மையும் இல்லை என்று பாடுகிறார். தித்திக்கும் பாட்டுத்தான், ஆனால் கதை சூடுபிடிப்பது மந்தரை வாய் திறந்த பிறகே. இலட்சிய உலகை எழுத முனையும் எவரையும் மறிக்கும் சிக்கல் இது. இல்லாதவற்றை அடுக்கி அந்த உலகை வரைந்துவிடலாம். கதை நடத்த அது போதாது.

இருப்பவற்றைச் சொன்னாலோ வேறு தொல்லை. ஆங்கில எழுத்தாளர் தாமஸ் மோர் 1516-இல் வெளியிட்ட, கற்பனைத் தீவொன்றின் இலட்சிய ஆட்சியை விவரிக்கும் 'உட்டோப்பியா'வில் மக்கள் ஒரே மாதிரி உடுத்துகிறார்கள், பத்தாண்டுக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி வீடு மாறுகிறார்கள், வெளியூர் செல்ல அனுமதி பெறுகிறார்கள். (மோர் இதில் எவ்வளவைக் கிண்டலாக எழுதினார் என்பது தனி விவாதம்.) அங்கே ஒரு வாரம் தங்கவும் எனக்கு மனம் வராது.

1987-இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில், அதை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி, எதிர்கால மனிதர்கள் பக்குவப்பட்டவர்கள் என்பதால் விண்கப்பல் குழுவினர் தமக்குள் பூசலிடக் கூடாது என்று வரையறுத்தார். எழுத்தாளர்கள் திணறினார்கள், சச்சரவையெல்லாம் வெளியிலிருந்தே வரவழைக்க வேண்டியிருந்தது. 1993-இல் வந்த அடுத்த ஸ்டார் ட்ரெக் தொடரான 'டீப் ஸ்பேஸ் நைன்', ஆக்கிரமிப்பிலிருந்து அப்போதுதான் மீண்டிருந்த பேஜோர் என்னும் கிரகத்தின் அருகே கதையை நிறுத்தி, பூமி உள்ளிட்ட பல கிரகங்களின் கூட்டமைப்பைச் சேராதவர்களையும் முக்கியப் பாத்திரங்களாக்கித் தப்பித்துக்கொண்டது. பொன்னுலகம் அப்போதும் திரைக்குப் பின்னால்தான் இருந்தது.

அதை நேரில் காட்டி என்னை ஈர்த்தது, 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 1990-இல் ஒளிபரப்பான 'ஃபேமிலி' என்ற அத்தியாயம். போர்க் என்னும் எதிரிகளிடம் சிக்கி, தன் படைக்கு எதிராகவே பயன்படுத்தப்பட்ட விண்கப்பல் கேப்டன் பிக்கார்ட், மனம் நொந்து பிரான்சில் உள்ள குடும்பத் திராட்சைத் தோட்டத்துக்குத் திரும்புகிறார். நொடியில் உணவு தயாரிக்கும் கருவியை வீட்டுக்குள் விடாத அண்ணன் ராபர்ட்டுடன் பழைய பகை மூள்கிறது. இருவரும் சேற்றில் கட்டிப் புரள்கிறார்கள். பிறகு பிக்கார்ட் உடைந்து அழுகிறார். பசி ஒழிந்த பூமியிலும் அண்ணன் தம்பிக் கணக்கு தீரவில்லை. ஆனால் அந்தக் கருவியை வாங்கியே ஆக வேண்டும் என்று ராபர்ட்டை எந்த அரசும் வற்புறுத்தவில்லை. அழுது தீர்க்க வந்தவருக்கு வேலை போய்விடும் என்ற அச்சமும் இல்லை. மோரின் தீவில் எனக்குக் கிடைக்காத இடம் இங்கே இருக்கிறது. ராடன்பெரியின் விதி கப்பல் குழுவினருக்குத்தான். ராபர்ட் அதற்கு வெளியே இருந்ததுதான் இந்தச் சண்டைக்கு வழிவிட்டது என்று நினைக்கிறேன்.