வெயில் ஏறட்டும் சார்

சென்னையில் கோல்ஃப் மைதானப் பராமரிப்பில் 17 வருஷமாக இருக்கிறேன். மார்கழியில் எங்களுக்கு வருவது வெறும் பனித்துளிதான். விடிகாலையில் இரண்டு பேர் நீளக் கயிற்றைப் பிடித்து கிரீன் மேல், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டின புல்தரை மேல், இழுத்துப் போனால் உதிர்ந்துவிடும், ஆறு மணிக்கே ஆட்டம் ஆரம்பிக்கலாம். இந்த ஊரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி. உறைபனியைக் கண்ணால் பார்த்தது போன ஜனவரியில், ஊட்டியில்.

மெம்பர்கள் எட்டுப் பேர் ஆடப் போனபோது என்னையும் அழைத்துப் போனார்கள். ஆறரைக்கு மைதானம் முழுக்க உப்பைத் தூவின மாதிரி வெள்ளை. கிரீனைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு, மஃப்ளர் சுற்றிய பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். "வெயில் ஏறட்டும் சார், புல்லு இளகணும்."

ஏழரை ஆனது. எங்கள் ஆட்களுக்குப் பொறுக்கவில்லை. "போன்ல மூணு டிகிரி காட்டுது, அப்புறம் எப்படிப்பா ஐஸ்?" என்று ஒருவர் சத்தம் போட்டார்.

போன் காட்டுவது ஆள் உயரத்துக் காற்றின் அளவு. மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அங்கே புல் நுனி பூஜ்ஜியத்துக்கும் கீழே போயிருக்கும். இலைக்குள் இருக்கும் தண்ணீரும் உறைந்து கிடக்கும். தொடாமல் விட்டால் தானே இளகி எழுந்துகொள்ளும். மிதித்தால் உள்ளேயே நொறுங்கிப் போகும்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கள் ஆட்களில் ஒருவர் கயிற்றைத் தாண்டிவிட்டார். நாலே எட்டுதான் எடுத்து வைத்தார். நொறுக் நொறுக்கென்ற அந்தச் சத்தம் என் வயிற்றைக் கலக்கியது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை, தடங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காத்திருப்பது ஆடுபவர்கள் மட்டுமில்லை. முதல் ஆள் வருமுன் முடிக்க வேண்டிய புல்வெட்டு, குழி மாற்றம் எதையும் தொட முடியாது. வெள்ளை கரைந்ததும் வேலையும் ஆட்டமும் ஒரே நேரத்தில் வந்து முட்டும். அப்போதும் ஏச்சு வாங்குவது கயிறு கட்டினவர்தான். எனக்கு அது தாங்கவில்லை.

மறுநாள் அதே கிரீன் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குதிகால், முன்பாதம், ஷூ அடியின் புள்ளிகள்கூட அச்சடித்த மாதிரி கறுத்திருந்தன. நாலு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டின புல்லில் இலை போனால் மிச்சம் என்ன இருக்கு? சென்னை வெயிலில் பத்து நாளில் துளிர்த்து மூடிவிடும். அந்தக் குளிரில் புல் வளர்வதே அபூர்வம், வாரக்கணக்கில் ஆகும்.

அன்றைக்கும் பனி கொட்டியிருந்தது. எட்டே காலுக்குப் பெரியவர் கூப்பிட்டார். "கைய வெச்சுப் பாருங்க தம்பி." வைத்தேன். உள்ளங்கை நனைந்தது. அவர் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார், நான் இன்னொரு முனைக்குப் போனேன்.