விசில் ஊத முடியுமா, சிஸ்டர்?

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி அந்தக் கண்டக்டர் அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "விசில் ஊத முடியுமா, சிஸ்டர்?" பேச்சு போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. "முதல்ல புண்ணு ஆறட்டும்ணே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன்.

எனக்குப் பதில் தெரியும். குரல்வளையையும் தொண்டையையும் எடுத்துவிட்டால், மூச்சுக்குழாயைக் கழுத்தில் துளையாகத் திறந்து தைத்துவிடுவார்கள். வாய்க்கும் நெஞ்சுக்கும் அப்புறம் தொடர்பு இல்லை. கையெழுத்துப் போட்ட பிறகும் பயந்து ஊருக்குக் கிளம்பிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவருக்கோ தண்ணீர்கூட இறங்காத நிலை. அதனால்தான் மழுப்பினேன். இன்றும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

தொடைத் தோலை அதன் ரத்தக்குழாய்களோடு எடுத்து, சுருட்டித் தைத்து, புதுத் தொண்டையாக வைத்தார்கள். அது உள்ளே இருப்பது, கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதே தோலில் சின்னதாக ஒரு துண்டைக் கழுத்துக்கு வெளியே விட்டிருந்தார்கள். மணிக்கொரு தரம் டார்ச் அடித்து அதைப் பார்ப்பது என் வேலை. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, மறுபடி நிறம் திரும்ப வேண்டும். நீலம் பாய்ந்தால் ரத்தம் வெளியேற வழியில்லை. வெளிறினால் ரத்தமே வரவில்லை. முதல் 3 நாளும் கண்கொத்திப் பாம்பாக இருந்தேன். அதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

மூன்றாவது வாரம் மருந்தை விழுங்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். கசிவு இல்லை. காபி கொடுத்தோம். டம்ளரைப் பிடித்து உதட்டைக் குவித்து ஊதினார். ஆவி நேராக மேலே போனது. கழுத்துத் துளைமேல் போட்டிருந்த துணிதான் படபடத்தது. இன்னொரு தரம் ஊதினார். அப்புறம் நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார்: "தெரிஞ்சிருந்தா முந்தின நாளே ஒரு தடவ ஊதியிருப்பேன்."

ஊருக்கு ஓடியிருப்பேன் என்று அவர் எழுதவில்லை. நான் பயந்தது வேறு, அவருக்கு வேண்டியிருந்தது வேறு. சரி, ராத்திரி வார்டில் விசில் ஊத விட்டிருப்பேனா? மொட்டைமாடிக்குக் கூட்டிப்போயிருக்கலாம். 2 நிமிஷம் ஆகியிருக்கும்.

போன மாதம் இதே ஆபரேஷனுக்கு வந்த ஒரு அம்மா, "குலவை போட வருமா பாப்பா?" என்று கேட்டார். இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன். "டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றப்போ கேளுங்கம்மா" என்றுதான் வந்தது. டாக்டர் வந்தபோது அந்த அம்மா கேட்கவில்லை. நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.