தங்கம் ஏறினால் சிறு சுரங்கப் பங்கும் ஏறுமா?

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பாட்டனோ முப்பாட்டனோ கோலார் தங்கவயலில் சுரங்கம் இறங்கியவர் என்று சொல்லும் குடும்பங்களுக்குக் குறைவில்லை. வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புக்குப் போன தமிழர்களின் உழைப்பால்தான் அந்தச் சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கின. அதனால் தங்கச் சுரங்கம் என்றாலே எங்கள் பக்கத்தில் ஒரு தனி ஈர்ப்பு உண்டு. 2025 அக்டோபரில் தங்கம் அவுன்ஸ் (சுமார் 31.1 கிராம்) ஒன்றுக்கு 4,000 டாலரைத் தாண்டிய பிறகு அந்த ஈர்ப்பு பங்குச் சந்தைப் பக்கமும் திரும்பியிருக்கிறது. இன்னும் ஒரு கிராம் தங்கமும் எடுத்து விற்காத சிறு சுரங்க நிறுவனங்களின் பங்குகளை, தங்கம் ஏறுகிறது என்ற ஒரே காரணத்துக்காக வாங்குகிறார்கள். அந்தக் காரணம் போதாது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

உற்பத்தியில் இருக்கும் பெரிய நிறுவனத்துக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். ஓர் அவுன்ஸ் எடுக்க 3,000 டாலர் செலவாகி, விலை 4,000 டாலராக இருந்தால் லாபம் 1,000 டாலர். விலை பத்து சதவீதம் ஏறி 4,400 ஆனால், செலவு மாறாதிருக்கும்வரை லாபம் 1,400 ஆகும். அதாவது லாபம் நாற்பது சதவீதம் ஏறுகிறது. சிறு நிறுவனத்திடம் விற்கத் தங்கமே இல்லை. அதன் கையில் இருப்பவை ஒரு நிலப்பரப்பின் மீதான உரிமை, தங்கம் இருக்கிறதா என்று பார்க்கப் பாறையில் போட்ட சில துளைகளின் முடிவுகள், வங்கியில் கொஞ்சம் ரொக்கம் ஆகியவை மட்டுமே. அந்தப் பங்கின் விலையை நிர்ணயிப்பது பூமிக்குள் என்ன இருக்கிறது என்பது பற்றிய எதிர்பார்ப்புதான்.

இந்த எதிர்பார்ப்பு எவ்வளவு வேகமாக ஊதிப் பெருகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. இன்று நீலகிரி மாவட்டத்தில் இருக்கும் பந்தலூர், தேவாலா பகுதியை நம்பி 1879 முதல் 1881 வரையிலான காலத்தில் இங்கிலாந்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தொடங்கப்பட்டு, ஏறத்தாழ 50 லட்சம் பவுண்டு மூலதனம் அறிவிக்கப்பட்டது. மாதிரிகளைப் பார்த்துப் போட்ட கணக்கு, பாறையை இயந்திரத்தில் போட்டு அரைத்தபோது தேறவில்லை. சில ஆண்டுகளுக்குள் அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டன. அதே காலத்தில் கோலாரிலும் மைசூர் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பங்கு சில பென்னிகளுக்கு இறங்கியிருந்தது. மிச்சமிருந்த பணத்தையும் போட்டுப் பார்ப்பது என்று அதை நிர்வகித்த ஜான் டெய்லர் குழுமம் முடிவெடுத்த பிறகே, சாம்பியன் என்று பெயர் பெற்ற வளமான தாதுப் படிவு அகப்பட்டது. கோலார் தங்கவயல் ஏறத்தாழ 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் தந்து, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. பணம் போட்ட நாளில் இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே ஒரு பங்குதாரரால் வித்தியாசம் கண்டிருக்க முடியாது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இன்றைக்கு வித்தியாசம் காண ஓரளவு வழி உண்டு. 1997இல் இந்தோனேசியாவின் புசாங்கில் பெருந்தங்கம் கிடைத்ததாகச் சொன்ன பிரே-எக்ஸ் என்ற கனடிய நிறுவனத்தின் மாதிரிகளில் தங்கத் துகள் கலக்கப்பட்டிருந்தது அம்பலமானது. அதன் பிறகு, 2001இல், கனடா 43-101 என்ற விதியைக் கொண்டுவந்தது. தகுதி பெற்ற நிபுணர் பொறுப்பேற்காமல் இப்போது அங்கே சுரங்க நிறுவனங்கள் எந்தத் தாதுக் கணக்கையும் வெளியிட முடியாது. கனிம வளம், கனிம இருப்பு என்ற இரண்டும் அந்த விதியின்படி வெவ்வேறானவை. வளத்திலேயே ‘இன்ஃபர்டு’ என்ற கடைநிலை, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்ட துளைகளை வைத்துச் செய்த ஊகம்தான். லாபத்தோடு வெட்டி எடுக்கலாம் என்று ஆய்வில் தேறியதே இருப்பு. ‘பத்து லட்சம் அவுன்ஸ்’ என்று தலைப்பில் பார்த்தவுடன், அதில் எவ்வளவு எந்த வகையைச் சேர்ந்தது என்று உள்ளே தேடிப் படிக்க வேண்டும்.

துளை முடிவுகளை வாசிப்பதற்கும் நிதானம் வேண்டும். ‘40 மீட்டர் நீளத்துக்கு டன்னுக்கு 3 கிராம்’ என்று ஓர் அறிவிப்பு வந்ததாக வைத்துக்கொள்வோம். அதன் கீழேயே சிறிய எழுத்தில் ‘அதில் 2 மீட்டருக்கு டன்னுக்கு 50 கிராம்’ என்று இருக்கும். நாற்பதை மூன்றால் பெருக்கினால் 120. அந்த இரண்டு மீட்டர் மட்டுமே அதில் 100ஐக் கொடுத்துவிடுகிறது. மிச்சமுள்ள 38 மீட்டருக்கு 20தான் தேறும், அதாவது டன்னுக்கு அரை கிராமைச் சற்றே தாண்டும். அறிவிப்பில் பொய் எதுவும் கிடையாது; ஆனால் தலைப்பை மட்டும் படித்தவர் மனத்தில் பதியும் சுரங்கம் வேறு, பூமிக்குள் இருக்கும் சுரங்கம் வேறு. நமக்குப் பழக்கமான அளவில் சொன்னால், டன்னுக்கு 2 கிராம் தரும் தாதுவில் ஒரு சவரன் சுத்தத் தங்கம் எடுக்க, ஒரு துளியும் வீணாகாமல் பிரித்தாலும், நான்கு டன் பாறையை உடைத்து அரைக்க வேண்டும்.

“தங்கம் இவ்ளோ ஏறினு இருக்குது, என் பங்கு மட்டும் ஏன் மாமா நின்ன இடத்துலயே நிக்குது?” என்று காட்பாடியில் எங்கள் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கேட்டார். சில மாதங்களில் இரட்டிப்பாகும் என்று நம்பி, சிறு நிறுவனப் பங்குகள் விற்கப்படும் கனடாவின் வென்ச்சர் சந்தையில் வாங்கியிருக்கிறார். அவருடைய நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையைத் திறந்து, தாதுக் கணக்குக்கு முன்பாகப் பங்குகளின் எண்ணிக்கையைத்தான் காட்டினேன். பத்துக் கோடி பங்குகள் இருக்கும் ஒரு நிறுவனத்திடம் பத்து லட்சம் அவுன்ஸ் தங்கம் இருப்பதாகக் கொண்டால், ஒரு பங்குக்கு 311 மில்லிகிராம் வரும். வருமானம் இல்லாத நிறுவனம் துளையிடப் பணம் வேண்டி இன்னும் பத்துக் கோடி பங்குகளை வெளியிட்டால் அது 155 ஆகிவிடும். காணி அதே காணியாக இருக்கப் பங்காளிகள் மட்டும் பெருகுவதைப் போன்றதுதான் இது. புதிய பங்கோடு இலவசமாகக் கொடுக்கப்படும் வாரண்டுகளும், அதாவது குறித்த விலையில் பின்னர் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமைகளும், பின்னால் பங்குகளாக மாறும். விலை கொஞ்சம் ஏறினாலே அவற்றை வைத்திருப்பவர்கள் மாற்றி விற்கத் தொடங்குவதால், அந்த ஏற்றம் அங்கேயே தடைபடும். அவர் பங்கு நின்ற இடத்திலேயே நின்றதற்கு இதுவே பெரிய காரணம் என்று எனக்குப் பட்டது.

காலம் பற்றிய எதிர்பார்ப்பும் திருத்தப்பட வேண்டும். தங்கம் அகப்பட்ட செய்தியில் பங்கின் விலை பாய்ந்தேறும். பிறகு ஆய்வறிக்கை, அனுமதி, கடன் என்று செய்தி வறண்ட ஆண்டுகளில் தேய்ந்து இறங்கும். முதல் தங்கம் வார்க்கும் நாள் நெருங்கும்போது மறுபடி எழும். கனடாவின் சுரங்க முதலீட்டாளர் பியர் லசோன்ட் வரைந்து காட்டிய இந்த வளைவு எல்லா நிறுவனத்துக்கும் அப்படியே பொருந்தாது. நடுவில் நின்றே போய்விடும் திட்டங்களே அதிகம். கண்டுபிடிப்புக்கும் உற்பத்திக்கும் இடையே பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆவது வழக்கம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ பெண்ணின் கல்யாணத்துக்கோ ஒதுக்கிய பணம் இத்தகைய பங்கில் இருக்கவே கூடாது.

இந்தியாவில் இதே தொழிலில் பணம் போடுபவர்களுக்குச் சட்டம் கூடுதலான ஒரு கேள்வி. மும்பைச் சந்தையில் டெக்கான் கோல்ட் மைன்ஸ் போன்ற மிகச் சில பங்குகளே இருக்கின்றன. ஆந்திராவின் கர்னூல் மாவட்டத்தில் உள்ள ஜொன்னகிரித் தங்கச் சுரங்கத் திட்டத்தில் அந்த நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. 2015இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, சுரங்க உரிமையை ஏலத்தில் விடும் முறை வந்தது. அதற்கு முன் தேடிக் கண்டுபிடித்தவர்களுக்கு விட்டுவைக்கப்பட்டிருந்த முன்னுரிமை, நிலுவையில் இருந்த விண்ணப்பங்களுக்கு 2021 திருத்தத்தோடு முடிவுக்கு வந்தது. 2023 திருத்தம் தங்கம் உள்ளிட்ட ஆழ்நிலைக் கனிமங்களுக்குத் தனித் தேடல் உரிமம் ஒன்றை உருவாக்கியிருக்கிறது. அதன்படி தேடுபவருக்குச் சுரங்கம் கிடைக்காது. பின்னால் அந்தச் சுரங்கத்தை ஏலத்தில் எடுப்பவர் அரசுக்குக் கட்டும் ஏலத்தொகையில் ஒரு பங்கு கிடைக்கும். ஆகவே இங்கே ஒரு தேடல் நிறுவனத்தின் பங்கை எடைபோடுபவர், அது எவ்வளவு தங்கம் கண்டுபிடிக்கும் என்பதோடு, கண்டுபிடித்த தங்கத்தில் எந்தப் பங்கு அதற்கு வந்து சேரும், யார் கட்டி, எந்த ஆண்டு வந்து சேரும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கிறது.