ஒற்றைக்கண்ணனிடம் காதல் பாடம்

பண்டைய கிரேக்க ஆயர் கவிதைத் தாளில் முதல் மாதிரித் தேர்வில் 20க்கு 7 வாங்கினேன். 'ஆயர்களின் கள்ளமற்ற இன்பக் காதல்' என்று மூன்று பக்கம் நிரப்பியிருந்தேன். ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் கேட்டிருந்தது ஒன்றுதான்: "இதில் யாருக்குக் காதல் கைகூடியது?"

அந்தக் கேள்வியோடு தியோக்ரிட்டஸை மறுபடி படித்தேன். கிமு 3ஆம் நூற்றாண்டுக் கவிஞர், சிசிலித் தீவின் சிரக்யூஸ்காரர். முதல் பாடலில் மாட்டுக்காரன் டாஃப்னிஸ் காதல் தெய்வம் அஃப்ரொடைட்டியையே ஏசிவிட்டுச் சாகிறான். மூன்றாவதில் ஆட்டுக்காரன் ஒருவன் தான் காதலிக்கும் அமரில்லிஸின் குகை வாசலில் நின்று பாடுகிறான், அவள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. தலை வலிக்கிறது, இனிப் பாடமாட்டேன், இங்கேயே விழுந்து கிடக்கிறேன், ஓநாய் தின்னட்டும் என்று முடிக்கிறான். பாவம்தான், ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கவிஞருக்கும் அதுதான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

நேரம் குறைவென்றால் 11ஆம் பாடலை மட்டுமாவது ஊறப்போட்டுப் படியுங்கள். ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸ் கடல்மகள் கலாத்தியாவுக்காகப் பாடுவது அது. அவளைத் தயிர்க்கட்டியைவிட வெள்ளை என்கிறான். பால்காரனுக்கு வேறு உவமை எங்கே கிடைக்கும்! வெள்ளை லில்லியோ செம்பாப்பியோ கொண்டுவந்திருப்பேன் என்றவன், ஒன்று கோடையிலும் மற்றது குளிரிலும் பூப்பதால் இரண்டையும் சேர்த்துத் தரமுடியாதே என்று தானே திருத்திக்கொள்கிறான். அவள் கையால் தன் ஒற்றைக் கண்ணே எரிந்தாலும் சம்மதம் என்கிறான். இதற்குமுன் ஹோமரின் ஒடிசி 9ஆம் காண்டத்தைப் படித்துவிடுங்கள். ஒடிசியஸ் அந்தக் கண்ணை எரிகழியால் குருடாக்கப்போகிறான் என்று தெரிந்தவருக்குத்தான் இந்த வரி குத்தும்.

தேர்வில் திரும்பத் திரும்ப வருவதும் இந்தப் பாடல்தான்: காதல் நோய்க்குப் பாட்டு மருந்தா? மருத்துவ நண்பர் நிக்கியாஸிடம் ஆமாம் என்றே கவிஞர் தொடங்குகிறார். கடைசியிலோ, பாலிஃபீமஸ் தன் காதலைப் பாட்டால் 'மேய்த்தான்' என்கிறார். மேய்ப்பவன் மந்தையைக் கொல்வதில்லை, அலையாமல் பார்த்துக்கொள்கிறான். தீரவில்லை, ஆனால் அடங்கியது என்று நான் வாதிட்டேன். அந்த விடைக்கு 14 வந்தது.

இன்னொன்று, 27ஆம் பாடலில் காதல் கைகூடுகிறதே என்று மேற்கோள் காட்டப் போகிறவர்கள் கவனம்: அது தியோக்ரிட்டஸ் எழுதியதல்ல என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு.